உறைக்குள் போன வாள்: 'புட் அப் வித்' என்ற ஆங்கில வினையின் வரலாறு

1. கேள்வி

ஆங்கிலத்தில் 'புட்' என்றால் வை; 'அப்' என்றால் மேலே; 'வித்' என்றால் உடன். மூன்றும் சேர்ந்தால் 'பொறுத்துக்கொள்' என்ற பொருள் வருகிறது. தமிழில் சிந்தித்துப் பழகிவிட்டு ஆங்கிலம் கற்கும் எவரும் இந்த இடத்தில் ஒரு முறையாவது திகைத்திருப்பார். பாடநூல் அவருக்குத் தரும் உதவி ஓர் அட்டவணை மட்டுமே: இடப்பக்கம் வினை, வலப்பக்கம் பொருள், நடுவில் ஒரு கோடு. அந்தக் கோட்டை எப்படிக் கடப்பது என்று அது சொல்வதில்லை.

இந்தத் திகைப்பு புதிதன்று. சாமுவேல் ஜான்சன் 1755இல் வெளியிட்ட தம் அகராதியின் முன்னுரையிலேயே இதைப் பற்றிப் பேசுகிறார். வினையோடு ஓர் இடைச்சொல் சேர்ந்து புதுப்பொருள் தரும் அமைப்பு ஆங்கிலத்தில் மிகுதி என்றும், அயல்மொழியாரை அதிகம் தடுமாறச் செய்வது அதுவே என்றும் குறிப்பிடுகிறார். இந்த அமைப்புக்கு 'ஃப்ரேசல் வெர்ப்' என்ற பெயரைப் பரப்பியது, லோகன் பியர்சல் ஸ்மித் 1925இல் வெளியிட்ட 'வேர்ட்ஸ் அண்ட் இடியம்ஸ்' என்ற நூல். அப்பெயரைத் தமக்குச் சொன்னவர் ஆக்ஸ்ஃபோர்டு அகராதியின் பதிப்பாசிரியர்களுள் ஒருவரான ஹென்றி பிராட்லி என்று ஸ்மித் தெரிவிக்கிறார். இக்கட்டுரையில் இதனைச் சொற்றொடர்வினை என்று குறிக்கிறேன்.

'புட் அப் வித்' என்ற சொற்றொடர்வினை எந்தச் செயலின் படமாகத் தொடங்கியது, அந்தப் படம் இன்று அதற்குள் மிஞ்சியிருக்கிறதா என்பதே இங்கே ஆராயப்படும் கேள்வி. பதிலடி கொடுக்க வல்லவன் தன் கையை அடக்கிக்கொள்ளும் செயலாகத் தொடங்கிய இவ்வினை, பதிலடிக்கு வழியே இல்லாதவரின் பெருமூச்சாக மாறியது என்பது என் வாதம். அந்த மாற்றம் முழுமையானது அன்று என்பதையும் இறுதியில் காட்ட முயல்வேன்.

2. இருக்கும் விளக்கங்கள்

இத்தகைய வினைகளுக்கு மூவகை விளக்கங்கள் வழக்கில் உள்ளன. முதலாவது வகுப்பறையின் விளக்கம்: இவை மரபுத்தொடர்கள், காரணம் தேடாமல் மனப்பாடம் செய்ய வேண்டியவை. தேர்வுக்கு இது போதும். ஆனால் ஒரு மொழியைப் பேசும் பல கோடிப் பேர் காரணமின்றி ஒரு தொடரைப் பொறுக்கி எடுத்தார்கள் என்பதை வரலாறு ஏற்காது.

இரண்டாவது, அறிதல்சார் மொழியியலின் விளக்கம். ஜார்ஜ் லேகாஃபும் மார்க் ஜான்சனும் 1980இல் எழுதிய 'மெட்டஃபர்ஸ் வி லிவ் பை' என்ற நூல், மேல்-கீழ் போன்ற திசைகள் மனித எண்ணத்தில் உருவகங்களாக இயங்குவதை விளக்கியது. மேலே என்பது மிகுதி, நலம், ஆதிக்கம். கீழே என்பது குறைவு, கேடு, அடிமைத்தனம். பல வினைகளுக்கு இது பொருந்துகிறது. ஆனால் 'புட் அப் வித்' இந்தச் சட்டத்துக்குள் அடங்க மறுக்கிறது. பொறுத்துப் போகிறவர் மேலே இல்லை. பொறுக்கப்படும் தொல்லையும் மேன்மையானதன்று. 'மேலே' என்ற திசையை மட்டும் பிடித்துக்கொண்டு போனால் தவறான வீட்டுக் கதவைத் தட்டுவோம்.

மூன்றாவது, அகராதியியலாரின் வரலாற்று விளக்கம். பழைய எடுத்துக்காட்டுகளைக் கால வரிசையில் அடுக்கி, பொருள் எங்கே திரும்பியது என்று பார்ப்பது. இக்கட்டுரை இந்த மூன்றாவது வழியையே மேற்கொள்கிறது.

3. 'அப்' என்பது இங்கே திசையா?

'புட் அப்' என்ற இரு சொல் கூட்டணிக்கு இன்றைய ஆங்கிலத்தில் ஒரு பெரிய குடும்பமே இருக்கிறது. சுவரெழுப்புவதும் கூடாரம் அடிப்பதும் 'புட் அப்'. தேர்தலில் வேட்பாளரை நிறுத்துவதும், வேலைக்குப் பணம் போடுவதும், புதரில் பதுங்கிய பறவையை வேட்டைக்காரர் கிளப்பிவிடுவதும் அதுவே. இவற்றில் எழுப்புதல் என்ற படம் வெளிப்படையாகத் தெரிகிறது.

ஆனால் குடும்பத்தில் இன்னொரு கிளை உண்டு. விருந்தினரை இரவு தங்க வைப்பது 'புட் அப்'. அமெரிக்கக் கிராமங்களில் கோடையில் விளைந்த பழங்களைக் குளிர்காலத்துக்காகக் கண்ணாடி ஜாடிகளில் பதப்படுத்தி அடைத்து வைப்பதும் 'புட் அப்'. இங்கே எதுவும் மேலே போவதில்லை. உரிய இடத்துக்குள் போகிறது, பத்திரமாகிறது, அதன் மேல் ஒரு மூடி விழுகிறது. பூட்டுவதைச் சொல்லும் 'லாக் அப்', மூட்டை கட்டுவதைச் சொல்லும் 'பேக் அப்', சேமித்து வைப்பதைச் சொல்லும் 'லே அப்' ஆகியவற்றில் வரும் 'அப்' இந்த இனத்தைச் சேர்ந்தது. செயல் நிறைவுற்றது, கதவு சாத்தப்பட்டது என்று அறிவிப்பதே அதன் வேலை. தமிழில் 'வைத்துவிடு', 'பூட்டிவிடு' என்னும்போது 'விடு' என்ற துணைவினை தன் சொந்தப் பொருளை இழந்து முடிவைக் குறிக்கிறதே, ஏறத்தாழ அதைப் போல.

இந்த இரண்டாவது கிளைக்குப் பழைய ஆங்கிலம் தரும் மிகத் தெளிவான சான்று வாள். உருவிய வாளைத் திரும்ப உறையில் போடுவதற்கு 16, 17ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் 'புட் அப்' என்றார்கள். 'ரோமியோ அண்ட் ஜூலியட்' நாடகத்தின் தொடக்கத்தில் தெருச்சண்டையை விலக்க வரும் பென்வோலியோ, இரு தரப்பு வேலையாட்களிடமும் இதே வினையைக் கொண்டுதான் வாள்களை உறையிலிடச் சொல்கிறான். 1611இன் ஆங்கில பைபிளில், தலைமைக் குருவின் வேலைக்காரன் காதை வெட்டிய பேதுருவிடம் இயேசு சொல்லும் கட்டளையிலும், யோவான் 18ஆம் அதிகாரத்தில், இதே வினை வருகிறது. இடுப்பில் தொங்கும் உறைக்குள் வாள் இறங்குவது கீழ்நோக்கித்தான். அப்படியிருந்தும் ஆங்கிலம் 'அப்' என்றது. அந்த 'அப்' திசையன்று என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

4. வாளா, பையா?

அடுத்த படி இன்னும் சுவையானது. அதே காலத்தில், வாளை மட்டுமன்றி அவமானத்தையும் 'புட் அப்' செய்தார்கள். 'வித்' இன்னும் வந்து சேரவில்லை. இழைக்கப்பட்ட தீங்கே நேரடிச் செயப்படுபொருள்.

ஷேக்ஸ்பியரின் 'டைட்டஸ் ஆண்ட்ரானிக்கஸ்' நாடகம் 1594இல் அச்சானது. அதன் முதல் அங்கத்தில், பேரரசன் சாட்டர்னைனஸை அவமதித்த டைட்டஸை மன்னிக்கும்படி ராணி தமோரா எல்லோரும் கேட்க அவனிடம் மன்றாடுகிறாள். பழி வாங்காமல் இழிவாக இதை 'புட் அப்' செய்வதா என்று அவன் சீறுகிறான். உடனே அவன் காதருகே அவள் வேறு கதை சொல்கிறாள்: இன்றைக்கு விடு, அவர்கள் அத்தனை பேரையும் கொன்று தீர்க்க நான் ஒரு நாள் பார்த்துத் தருகிறேன். 'ஒத்தெல்லோ' நாடகத்தின் நான்காம் அங்கத்தில், டெஸ்டிமோனாவுக்குச் சேர்ப்பதாகச் சொல்லி இயாகோ சுருட்டிய நகைகளுக்குக் கணக்குக் கேட்கும் ரோடெரிகோவும் இதே வினையைப் பயன்படுத்துகிறான். ஏமாந்ததை அமைதியாக விழுங்கிவிட்டுப் போக அவன் தயாராக இல்லை.

இங்கே உள்ளே வைக்கப்படுவது எது என்பதில் இரு கருத்துகள் உண்டு. ஒன்று, வாளை உறையிலிடும் படமே நீண்டு, பழிவாங்கலைக் கைவிடுதல் என்ற பொருளைத் தந்தது என்பது. மற்றொன்று, அவமானத்தை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளும் படம் என்பது.

இரண்டாவதற்கும் வலுவான ஆதரவு உண்டு. அதே ஷேக்ஸ்பியரிடம் 'பாக்கெட் அப்' என்ற வினை தீங்குகளோடு சேர்ந்து வருகிறது. 'கிங் ஜான்' நாடகத்தில் ஆஸ்திரியக் கோமகன் தன்மேல் விழும் ஏச்சுகளைப் பையில் போட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறதே என்று குமுற, உன் காற்சட்டை அவற்றைச் சுமக்க ஏற்றதுதான் என்று எதிரில் நிற்பவன் கேலி செய்கிறான். 'ஹென்றி த ஃபிஃப்த்' நாடகத்தில் திருட்டுக் கூட்டாளிகளிடம் அகப்பட்ட சிறுவன், பிறர் பையிலிருப்பதை எடுத்துத் தன் பையில் போடுவது தீங்கைப் பையில் போட்டுக்கொள்வதற்குச் சமம் என்று சிலேடை பேசுகிறான். அரங்கில் இருந்தவர்கள் சிரித்திருக்க வேண்டுமானால், அந்தப் படம் அவர்கள் மனத்தில் உயிரோடு இருந்திருக்க வேண்டும்.

இலக்கண அடிப்படையில் பார்த்தால் பைக்கே சற்றுச் சாதகம். உறைக்குள் போவது என் வாள். பைக்குள் போவது நீ எனக்கு இழைத்த தீங்கு. 'புட் அப்' என்பதன் செயப்படுபொருளாக நிற்பது தீங்கு என்பதால், பையின் படம் நேராகப் பொருந்துகிறது. சூழலைப் பார்த்தாலோ வாளே முன்னிற்கிறது. பழி, மானம், ஆண்மை என்ற சொற்களுக்கு நடுவில்தான் இவ்வினை ஒலிக்கிறது. ஜெர்மன் மொழியின் 'ஐன்ஷ்டெக்கன்' என்ற வினை இதில் ஒரு நல்ல ஒப்பீடு. பையில் போட்டுக்கொள்வது, ஆயுதத்தை உறையில் செருகுவது, அடியையும் அவமதிப்பையும் வாங்கிக்கொள்வது ஆகிய மூன்றையும் அந்த ஒரே வினை சொல்கிறது. பிரெஞ்சில் வாளை மறுபடி உறையிலிடுவதைக் குறிக்கும் 'ராங்கேனே' என்ற வினை, சொல்ல வந்ததைச் சொல்லாமல் அடக்கிக்கொள்வதையும் குறிக்கும்.

ஆகவே வாளா பையா என்று ஒன்றைத் தேர்ந்தே ஆக வேண்டியதில்லை. இரண்டும் ஒரே கையசைவு: வெளியே வந்திருக்க வேண்டிய ஒன்று உள்ளே போகிறது. நாம் குறித்துக்கொள்ள வேண்டியது வேறு. வாள் வைத்திருப்பவனால்தான் அதை உறையிலிட முடியும். சாட்டர்னைனஸ் பேரரசன், ரோடெரிகோ வாள் ஏந்தும் கனவான். அந்தக் காலத்தில் இவ்வினை ஒரு குற்றச்சாட்டு: திருப்பி அடிக்க முடிந்தும் அடிக்காமல் விட்டாயே என்பது. தமோராவின் கிசுகிசுப்பு காட்டுவதுபோல, உறைக்குள் போன வாள் தொலைந்து போன வாள் அன்று.

5. 'வித்' வந்த வழி

18ஆம் நூற்றாண்டில் 'வித்' இந்த வினையோடு ஒட்டிக்கொள்வதைப் பார்க்கிறோம். பழையதும் புதியதும் நெடுநாள் சேர்ந்தே வாழ்ந்தன. நோவா வெப்ஸ்டர் 1828இல் அமெரிக்காவில் வெளியிட்ட அகராதி, தீங்குகளை 'புட் அப்' செய்வதையும், தீங்கை 'புட் அப் வித்' செய்வதையும் இரண்டு தனிப் பதிவுகளாகத் தருகிறது. இரண்டுக்கும் அது தரும் விளக்கத்தின் சாரம் ஒன்றே: தண்டிக்காமல், வன்மம் கொள்ளாமல் விட்டுவிடுதல்.

'வித்' எங்கிருந்து வந்தது? விடுதியில் தங்குவதையும் 'புட் அப்' என்பதால், மோசமான அறையோடும் உணவோடும் காலம் தள்ளிய பயணிகளிடமிருந்து இப்பொருள் பிறந்தது என்று ஊகிக்கத் தோன்றும். கவர்ச்சியான ஊகம்தான். ஆனால் அவமானத்தைக் குறித்த வழக்கு அதற்கும் முன்பே வேரூன்றிவிட்டதால், விடுதியை மூலமாகக் கொள்ள இடமில்லை. மிஞ்சினால் துணைக் காரணமாகலாம். பழைய ஆங்கிலத்தில் 'வித்' என்பதற்கு 'எதிராக' என்ற பொருள் இருந்தது. எதிர்த்து நிற்பதைக் குறிக்கும் 'வித்ஸ்டாண்ட்' என்ற சொல்லில் அது இன்றும் உறைந்திருக்கிறது. எனினும் 18ஆம் நூற்றாண்டுக்கு அந்தப் பொருளை இழுத்து வருவது பொருந்தாது. 'பேர் வித்' என்ற தொடரின் சாயல் படிந்திருக்கலாம் என்பதே எனக்குப் பொருத்தமாகத் தோன்றுகிறது. ஒருவரது குறையைப் பொறுத்தருளுவதைக் குறிக்கும் அத்தொடர், 1611இன் பைபிளிலேயே நன்கு பழகியது. ஒரே பொருளுடைய இரு வினைகள் அருகருகே நடமாடும்போது ஒன்றின் வால் மற்றொன்றுக்கு முளைப்பது மொழிகளில் வழக்கம்.

இந்தச் சிறு ஒட்டு செய்த வேலை பெரிது. 'வித்' இல்லாதபோது தீங்கு என்பது நான் கையில் எடுத்து உள்ளே வைக்கும் பொருள். வைத்ததோடு செயல் முடிந்தது. 'வித்' வந்தபின் தீங்கு என் கையை விட்டு நழுவி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. உள்ளே வைக்கப்படுவது எது என்பதை வாக்கியம் இப்போது சொல்வதே இல்லை. ஒரு கணத்தில் முடிந்த செயல், நாள்கணக்கில் நீளும் நிலையாகிறது.

6. அவமானத்திலிருந்து அசௌகரியத்துக்கு

இந்த மாற்றம் எவ்வளவு தூரம் போனது என்பதற்கு ஜேன் ஆஸ்டினின் 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' ஒரு சான்று. 1813இல் வெளிவந்த அந்நாவலில், ஓடிப்போன லிடியாவின் திருமணத்துக்கான செலவை ஏற்க மாமா கார்டினர் முன்வருகிறார். டார்சி விடாப்பிடியாக அதைத் தானே ஏற்கிறார். செலவு செய்யாமலே நல்ல பெயரை மட்டும் வாங்கிக்கொள்ள வேண்டிய கட்டாயம் மாமாவுக்கு. இந்தச் சங்கடத்தைக் கடிதத்தில் விவரிக்கும் திருமதி கார்டினர் பயன்படுத்தும் வினை 'புட் அப் வித்'. இங்கே வாளுமில்லை, பழியுமில்லை, அவமானம்கூட இல்லை. பொறுத்துக்கொள்ளப்படுவது தகுதியற்ற ஒரு பாராட்டு! சாட்டர்னைனஸின் சீற்றத்திலிருந்து வெகு தொலைவு வந்துவிட்டோம்.

இன்று இவ்வினையின் பின்னால் நிற்பவை பக்கத்து வீட்டு இரைச்சல், குளிர், தாமதமாகும் ரயில், மேலாளரின் குணம், கணவரின் குறட்டை. 'ஹேவ் டு' என்ற கட்டாயத்தைக் காட்டும் துணைவினை இதற்கு முன்னால் அடிக்கடி நிற்பது தற்செயலன்று. வேறு வழியில்லை என்பதே அதன் உட்பொருள்.

இந்த வினை தன் அண்டை வீட்டாரிடமிருந்து எங்கே வேறுபடுகிறது என்பதையும் பார்க்க வேண்டும். 'பேர்' சுமையைத் தாங்குவது. 'சஃபர்' லத்தீன் வழியே, சுமைக்குக் கீழே நின்று தாங்குவது. 'டாலரேட்' என்பதன் லத்தீன் வேரும் தூக்கிச் சுமப்பதே. 'எண்ட்யூர்' கெட்டிப்படுவது; 'ஸ்டாண்ட்' சாயாமல் நிற்பது. பெரும்பாலும் பாரமும் உடலுறுதியும் கொண்ட படங்கள். இவற்றுக்கு நடுவில் 'புட் அப் வித்' ஒன்றுதான் எதையோ உள்ளே வைத்து மூடும் படத்திலிருந்து வந்தது.

வேறுபாடு அதிகாரத்திலும் உண்டு. 1689இல் இங்கிலாந்தின் நாடாளுமன்றம், அரசுத் திருச்சபையில் சேராத புராட்டஸ்டன்ட் பிரிவினரின் வழிபாட்டை அனுமதித்தது. அரசுப் பதவிகளுக்கு அவர்களைத் தடுத்த சட்டங்களை அது நீக்கவில்லை. கத்தோலிக்கருக்கு அந்தச் சலுகையும் இல்லை. அச்சட்டத்துக்கு வழக்கில் நிலைத்த பெயரில் நிற்பது 'டாலரேஷன்' என்ற சொல். அரசு மேலிருந்து சகிக்கிறது, நினைத்தால் நிறுத்தும். 'புட் அப் வித்' பெரும்பாலும் அதற்கு எதிர்த்திசையில், கீழிருந்தோ பக்கவாட்டிலோ நிகழ்வது. சட்டப் புத்தகத்தில் அதற்கு இடமில்லை. சமையலறையிலும் பேருந்து நிறுத்தத்திலும் உண்டு.

7. சர்ச்சில் பெயரில் ஒரு கதை

இவ்வினை இலக்கணப் புத்தகங்களில் பெற்ற புகழுக்குக் காரணம் ஒரு நகைச்சுவை. வாக்கியத்தை முன்னிடைச்சொல்லில் முடிக்கக் கூடாது என்று ஒரு பழைய ஆங்கில விதி உண்டு. 1672இல் ஜான் டிரைடன், பென் ஜான்சனின் வரிகளில் இதைக் குற்றமாகச் சுட்டியதிலிருந்து அதற்கு ஒரு கௌரவம் வந்தது. தம் வாக்கியத்தை அந்த விதிப்படி யாரோ திருத்தியதைக் கண்டு சினந்த வின்ஸ்டன் சர்ச்சில், 'அப்', 'வித்' இரண்டையும் வினைக்கு முன்னால் இழுத்துப் போட்டு, இத்தகைய ஆங்கிலத்தை நான் பொறுக்கமாட்டேன் என்று வேண்டுமென்றே கோணலாக எழுதினாராம்.

சர்ச்சில் எழுதினார் என்பதற்கு நம்பகமான மூலம் இல்லை. 1942இலேயே இதே நகைச்சுவை பெயர் குறிப்பிடப்படாத ஒருவர் எழுதியதாக அச்சாகியிருப்பதை மொழியியலாளர் பென் சிம்மர் எடுத்துக்காட்டியிருக்கிறார். புகழ்பெற்ற வாய்க்குப் புகழ்பெற்ற வசனம் போய்ச் சேர்ந்திருக்கிறது என்றே கொள்ள வேண்டும்.

நகைச்சுவையின் நியாயமும் ஆராயத்தக்கது. இவ்வினையில் 'வித்' மட்டுமே முன்னிடைச்சொல். 'அப்' வினையோடு ஒட்டிய அடை. எனவே விதியைக் கறாராகப் பின்பற்றுபவர்கூட 'வித்' என்பதை மட்டுமே முன்னால் கொண்டுபோக வேண்டும். 'வித் விச் ஐ வில் நாட் புட் அப்' என்று முடியும் அந்த வாக்கியம் சற்று விறைப்பாக இருக்குமே தவிரச் சிரிப்பாக இருக்காது. 'அப்' என்பதையும் சேர்த்து இழுத்ததால்தான் சிரிப்பு. விதியைக் கேலி செய்த அந்த வாக்கியம், விதி கேட்காத ஒன்றைச் செய்துவிட்டு விதியின் மேல் பழி போடுகிறது.

8. தமிழில் நின்று பார்த்தால்

'பொறுத்துக்கொள்' என்ற நம் மொழிபெயர்ப்பு எவ்வளவு பொருந்துகிறது? 'பொறை' என்றால் சுமை. 'பொறு' ஆங்கிலத்தின் 'பேர்' என்ற வினைக்கு நெருங்கிய உறவு. வள்ளுவர் பொறையுடைமை அதிகாரத்தை, தன்னை வெட்டுகிறவரையே தாங்கி நிற்கும் நிலத்தைக் காட்டித் தொடங்குகிறார். ஆனால் 'கொள்' என்ற துணைவினை வேறொரு படத்தைச் சேர்க்கிறது. 'கொள்' என்றால் தன்னகத்தே எடுப்பது, அடக்குவது. 'கொள்கலம்' என்ற சொல்லில் அந்தப் பொருள் கண்கூடு. சுமப்பதும் உள்ளடக்குவதும் தமிழில் ஒரே வினைக்குள் சேர்ந்திருக்கின்றன. 'சகித்துக்கொள்' என்பதும் கருதத்தக்கது: வடமொழியில் அதன் வேருக்கு வெல்லுதல், பொறுத்தல் என்ற இரண்டு பொருளும் உண்டு.

'பொறுத்துக்கொண்டாள்' என்றால் ஒரு முறை. 'பொறுத்துக்கொண்டிருந்தாள்' என்றால் ஒரு வாழ்க்கை. 'வித்' ஏற்ற பிறகு ஆங்கில வினைக்கு வந்த நீட்சியை மொழிபெயர்க்க நமக்கு இந்த 'இரு' தேவைப்படுகிறது. அட்டவணையின் வலப்பக்கத்தில் 'பொறுத்துக்கொள்' என்று மட்டும் எழுதும்போது இந்தக் காலநீட்சி விடுபட்டுப் போகிறது.

ஆனால் இந்த ஆய்வுக்குத் தமிழ் தரும் பெரிய உதவி வெகுளாமை அதிகாரத்தின் முதல் குறள். சினம் செல்லுபடியாகும் இடத்தில் காப்பவனே சினம் காப்பவன். செல்லாத இடத்தில் காத்தால் என்ன, காக்காவிட்டால் என்ன என்று அது கேட்கிறது. வலியவனின் அடக்கத்தையும் எளியவனின் அடக்கத்தையும் அது வேறு வேறு தராசில் நிறுக்கிறது. 'புட் அப்' என்ற வினை முதல் தட்டில் தொடங்கி இரண்டாவது தட்டுக்கு வந்தது என்று அதன் நானூறு ஆண்டு வரலாற்றைச் சுருக்கிச் சொல்லலாம்.

9. முடிவாக

இந்தச் சுருக்கத்துக்கு ஒரு திருத்தம் வேண்டும். உடன்பாட்டு வாக்கியத்தில் இவ்வினை பெருமூச்சுத்தான். எதிர்மறையில் அப்படியில்லை. சமமின்றி நடத்தப்படும் ஊழியரோ வதைபடும் மனைவியோ இதற்கு மேல் 'புட் அப் வித்' செய்யமாட்டேன் என்று சொல்லும்போது, ரோடெரிகோவின் குரல் திரும்பக் கேட்கிறது. அவர் இன்னும் எதையும் செய்துவிடவில்லை. ஆனால் கேட்பவர் ஓரடி பின்வாங்குகிறார். நாம் 'பொறுத்தது போதும்' என்று சொல்லும்போது நிகழ்வதும் இதுவே. சர்ச்சில் பெயரில் உலவும் அந்த வாக்கியம்கூட எதிர்மறை வாக்கியம் என்பதை நினைத்துப் பார்க்கலாம்.

அட்டவணையின் நடுக்கோட்டைக் கடக்கும் வழி இதுதான். 'உடன் மேலே வை' என்று பிரித்துப் படித்தால் பொருள் கிடைக்காது. உள்ளே போட்டு மூடியதாகப் படித்தால், ஏன் பொறுமை என்பது புரியும். உள்ளே போனது எது என்று கேட்டால், 'மாட்டேன்' என்ற ஒரு சொல் சேர்ந்ததும் அந்தப் பொறுமை ஏன் மிரட்டலாகிறது என்பதும் புரியும்.